கெட்ட வருசம் வரும்னு தெரிஞ்சு வாழ்ந்த எங்க அமிச்சி

பாட்டி போய் ரெண்டு வாரம் ஆகுது, அவங்ககிட்ட என்ன கத்துக்கிட்டேன்னு யோசிச்சா ஒண்ணுமே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது, உங்களுக்கெல்லாம் உங்க பாட்டிகிட்ட என்ன வாழ்க்கைப் பாடம் கெடச்சுது, அந்தத் துக்கத்துல இருந்து எப்படி மீண்டு வந்தீங்கன்னு கேட்டிருக்கீங்க. ஞாபகம் வராததுல ஆச்சரியமே இல்லீங்க. எங்க அமிச்சியும் (அம்மாவோட அம்மாவ எங்க பக்கம் இப்படித்தான் கூப்புடுவோம்) யாரையும் ஒக்காரவெச்சு புத்தி சொன்ன ஆளு கெடையாது. வாட்ஸ்அப்ல சுத்தற மாதிரி பாட்டியோட பொன்மொழிகள் எழுதச் சொன்னா எனக்கு ஒரு வரி தேறாது. எங்கப்பாவும் அம்மாவும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டிருந்ததால பத்தாவது முடிக்கிற வரைக்கும் நான் அமிச்சி வீட்லதான் வளந்தேன், அத்தனை வருசத்துல அவங்க எங்கிட்ட அதிகமா பேசுனது "கண்ணு, ஆட்டைப் பட்டில அடச்சிட்டீங்களா", "சாமி, சோறுண்ண வாங்க", இந்த ரெண்டாத்தான் இருக்கும்.

அவங்க போனப்புறம் வீட்டை ஒதுங்க வெக்கறப்பதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஒறச்சுது. இந்தம்மா எம்பது வருசத்துக்கு மேல ஒரே ஒரு காரியத்தைத்தான் விதவிதமா செஞ்சிட்டு இருந்திருக்காங்க. கெட்ட வருசம் வரும், எப்பன்னு தெரியாது, அதுக்கு நல்ல வருசத்துலயே ஏற்பாடு பண்ணி வெச்சிரணும், அதுக்காக இன்னைக்கு வர்ற ஒறம்பரைக்கு (விருந்தாளிக்கு) சோத்தைக் கொறைக்கக்கூடாது. பருப்பு, ஆடு, பணம், சண்டை, சொத்து எதை எடுத்தாலும் அதுக்கு அடில இதுதான் இருந்துச்சு.

இது என்னமோ தத்துவம் மாதிரி தெரியலாம், அப்படி இல்லீங்க, அவங்க குடியிருந்த பூமி அப்படி. கொங்கு நாடுன்னா பொள்ளாச்சி தென்னந்தோப்பும் கோபி வயலும்தான் எல்லாருக்கும் தெரியும். காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்ல பஸ்ஸை விட்டு எறங்கி ரெண்டு பக்கமும் பாருங்க, அது வேற. தென்மேற்குப் பருவமழையில பெரும்பங்கை மேற்குத்தொடர்ச்சி மலையே புடிச்சு வெச்சுக்கும், பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மட்டும் ஜோரா வந்து சேரும், ஆடி மாசம் வாசல்ல துணி காயப்போட்டா பக்கத்துத் தோட்டத்துல போய்த்தான் பொறுக்கணும். மழைன்னு சொல்லிக்கிறது ஐப்பசி கார்த்திகைல பேயறதுதான், வருசம் மொத்தமும் சேத்து 600 மில்லிமீட்டரைச் சுத்தித்தான் வரும், அதுவும் ஒழுங்கா பேஞ்சா.

அமிச்சி பொறந்த வீடு சென்னிமலைக்கு வடக்கால, வாய்க்கால் பாயற ஊரு. 1955-ல பவானிசாகர் அணை முடிஞ்சு கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டப்ப அவங்க கல்யாணம் ஆகாத புள்ள, ஊரே கரைல போய் நின்னு பாத்துச்சுன்னு கண்ணை அகல விரிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க. அப்பறம் ஒரு ரெண்டு மூணு வருசத்துல தெக்கால மேட்டுக்காட்டுல கட்டிக்குடுத்துட்டாங்க, ஆறு கெடையாது வாய்க்கா கெடையாது, கெணத்துல தண்ணி இருந்தா வெள்ளாம இல்லாட்டி வானம் பாத்த பூமி. அதனால ரெண்டு வாழ்க்கையும் அவங்களுக்கு அத்துப்படி. கீழ்பவானில 2,07,000 ஏக்கருக்கும் ஒரே சமயத்துல தண்ணி பத்தாதுன்னு ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஆகஸ்ட்ல இருந்து நஞ்சைக்கு விடுவாங்க, மறுபாதிக்கு ஜனவரில இருந்து புஞ்சைக்கு, அடுத்த வருசம் அப்படியே மாத்திவிடுவாங்க. அவங்க தம்பிமாருங்க வாய்க்காத் தண்ணி வரலைன்னு பொலம்பறப்பெல்லாம் அமிச்சி சிரிப்பாங்க. உங்களுக்காச்சும் எந்த வருசம் முறைன்னு தெரியுது, எங்களுக்கு முறையே இல்லையேடான்னு. அதுபோக தாது வருசப் பஞ்சம் வேற அவங்க நாயத்துல (பேச்சுல) அடிக்கடி வரும், 1876-ல ஆரம்பிச்சு கோயமுத்தூர் சேலம் ஜில்லாவெல்லாம் சனம் கும்பல் கும்பலா செத்த பஞ்சம். அவங்க பாட்டிக்கு அந்தப் பாட்டியோட அம்மா சொன்னது அப்படியே வாய் வழியா எறங்கி எங்க வரைக்கும் வந்திருக்கு. நூறு வருசத்துக்கு மேல தள்ளி நடந்த பட்டினிய நேத்து நடந்த மாதிரி பேசற வீட்ல சோத்தை வீணாக்க முடியுமா சொல்லுங்க.

சரி, பருப்புக்கு வர்றேன். இது கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க, ஏன்னா நான் கத்துக்கிட்டதுல கையில புடிச்சுக் காட்டற மாதிரி இருக்கறது இதுதான்.

தொவரை அறுத்து அடிச்சு வந்ததும் அமிச்சி மொதல்ல செய்யறது அதை ரெண்டாப் பிரிக்கறது, விதைக்கு இது, சோத்துக்கு இது. விதைக்குன்னு எடுக்கறது காட்டுல நல்லா கொத்துக் கொத்தா காச்ச செடியாப் பாத்து முன்னாலயே கவுறு கட்டி அடையாளம் வெச்சது, அதை மத்ததோட சேத்து அடிக்கவே விடமாட்டாங்க. நல்லா வெயில்ல காயப்போட்டு, சூட்டோட அள்ளாம ராத்திரி ஆறவிட்டு, வெடியால எந்திரிச்சு சலிச்ச சாம்பலைப் போட்டுப் பொரட்டுவாங்க. கைய உள்ள விட்டு அடில இருந்து மேல, அடில இருந்து மேல, ஒவ்வொரு மணிலயும் சாம்பல் ஒட்டி எல்லாம் ஒரே நெறமா வர்ற வரைக்கும். அப்பறம் மண் மொடாவுல கொட்டி மேல நொச்சித் தழைய வெச்சு மூடி, மூடியச் சுத்திச் சாணி போட்டு மெழுகிருவாங்க. ஏன் சூட்டோட போடக்கூடாதுன்னா, உள்ள வேர்த்து ஈரம் கட்டிக்கும், ஈரம் இருந்தா வண்டு வந்துரும். சாம்பல் என்ன பண்ணும்னா, வண்டோட ஒடம்பு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, இந்தத் தூளு அதைத் தேச்சு எடுத்துரும், ஒடம்புல இருக்கற ஈரம் போயி அது காஞ்சு செத்துரும். இந்த வெளக்கம் நான் காலேஜ்ல படிச்சது, அமிச்சிக்குத் தெரிஞ்சது சாம்பல் போட்டா வண்டு வராதுங்கறது மட்டுந்தான், ரெண்டு பேர் மொடாவுலயும் வண்டு வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சோத்துக்குன்னு ஒதுக்கறதுதான் மண் கட்டற பருப்பு. தொவரைய ஊறவெச்சு வடிச்சு, சலிச்ச செம்மண்ணைக் கொழம்பாக் கரைச்சு அதுல போட்டுப் பெசஞ்சு, குமிச்சு சாக்கு போட்டு மூடி ஒரு ராத்திரி வெப்பாங்க. மறுநாள்ல இருந்து வாசல்ல காயும், தொட்டா சில்லுன்னு ஓடு மாதிரி காயணும். அப்பறம் ஏந்திரத்துல (கையால சுத்தற கல்லு) போட்டு ஒடைக்கறது, ஒரு கை ஏந்திரத்தைச் சுத்தும், இன்னொரு கை பிடிப் பிடியா போடும், பேச்சு மட்டும் ஊர் நாயம். மொறத்துல பொடச்சா தோலும் மண்ணும் பறந்துபோயி மஞ்சளா பருப்பு நிக்கும். அதுல வெக்கற அரிசிம்பருப்புச் சோறு இருக்கே, கடைப்பருப்புல அந்த மணம் வராதுங்க, நான் சென்னைல இருந்தப்ப எத்தனையோ பிராண்டு வாங்கிப் பாத்துட்டேன்.

இதுல முக்கியம் அந்த விதை மொடா. 1980-கள்ல ஒரு வருசம் மழை சுத்தமா இல்லாம வீட்ல சோத்துக்கே முடை, கம்பு வாங்கக் காசில்ல, அப்ப அப்புச்சி (அமிச்சியோட வீட்டுக்காரரு) விதை மொடாவை ஒடச்சிரலாம்னு சொன்னாராம். அமிச்சி மொடா முன்னாடியே பாயைப் போட்டுப் படுத்துட்டாங்களாம். எங்கம்மா சொல்லும், அன்னைக்கு பக்கத்துத் தோட்டத்துல போயி கடனா ராகி வாங்கிட்டு வந்து களி கிண்டிப் போட்டாங்களே தவிர மொடாவைத் தொடவிடலன்னு. கடன் வாங்கறதுக்கு வெக்கப்படல, விதையத் திங்கறதுக்குத்தான் பயந்தாங்க. நான் இப்ப ஒரு பேங்க்ல விவசாயக் கடன் பாக்கற வேலைல இருக்கேன், வர்றவங்கள்ல பாதிப்பேரு இதைத் திருப்பிப் போட்டுத்தான் செய்வாங்க. கடன் கேக்கக் கூச்சப்பட்டுட்டு கறவை மாட்டை வித்துருவாங்க, மோட்டாரை வித்துருவாங்க, அப்பறம் சம்பாதிக்கறதுக்கு கைல ஒண்ணும் இருக்காது. எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாதுன்னு நல்லா இருக்கறப்பயே பிரிச்சு வெக்கணும், பசிக்கறப்ப பிரிக்க முடியாது.

ஆடு இன்னொரு கதை. எங்க பக்கம் கொறங்காடுன்னு மேய்ச்சல் காடு ஒண்ணு உண்டு, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். அந்தப் புல்லு வெயில்ல காஞ்சு கருகிப்போனாலும் ஒரு மழைக்குத் தழைஞ்சிரும், வேலங்காய் உதுர்ற சீசன்ல ஆடு அதைப் பொறுக்கித் தின்னே வயித்த ரொப்பிக்கும். காங்கேயம் மாடு இந்தக் கொறங்காட்டுல மேஞ்சு வளந்ததுதான். அமிச்சிக்கு ஆடுதான் பேங்கு. எல்லார் வீட்லயும் ஆடு இருக்கும், அதுல என்ன பெருசுன்னு கேப்பீங்க. அவங்க விக்கற நேரம்தான் பெருசு. ஐப்பசி பாதி தாண்டியும் மழை எறங்கலைன்னா பாதி ஆட்டை சந்தைக்கு ஓட்டிருவாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாம் இன்னும் வரும் வரும்னு வானத்தைப் பாத்துட்டு இருப்பாங்க, தை மாசம் மேய்ச்சல் தீந்து எல்லாரும் ஒண்ணா ஓட்டிட்டுப் போறப்ப சந்தைல வெலை தரைக்கு வந்திருக்கும்.

2016-ல இதைக் கண்ணால பாத்தேன். அந்த வருசம் வடகிழக்குப் பருவமழை அடியோட பொய்ச்சுது, 2017 ஜனவரில தமிழ்நாட்டுல எல்லா ஜில்லாவையும் வறட்சி ஜில்லான்னு அரசாங்கமே அறிவிச்சாங்க, நெறைய எடத்துல தென்னை நின்ன வாக்குலயே பட்டுப்போச்சு. அமிச்சி தீவாளி முடிஞ்ச வாரமே ஆட்டை வித்து, வித்த காசுக்கு அன்னைக்கே மாட்டுத் தீவனத்துக்கு நாலு வண்டி சோளத்தட்டு வாங்கி போர் போட்டுட்டாங்க. மாமனுக்கு ஒரே கோவம், காசை பேங்க்ல போடாம தட்டுக்குப் போயி இத்தனை கொட்டுவாங்களான்னு. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு டீவில சொன்னப்ப ஊர்ல அவனவன் பீரோவைத் தொறந்து வெச்சு தலைல கைய வெச்சிட்டு ஒக்காந்திருந்தான், அமிச்சிகிட்ட இருந்தது தட்டுப்போரும் கடுகு டப்பாவுல பத்து, அம்பதா சேத்து வெச்ச சிறுவாடும். எனக்கு அப்ப பேங்க்ல கவுண்டர் வேலை, வரிசை ரோடு வரைக்கும் நிக்குது, எங்க வீட்டு ஆளுங்க மட்டும் வரல. மோடி சொல்லப்போறது அமிச்சிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு ஊர்ல கொஞ்ச நாள் ஒரே லொள்ளு.

அதுக்காக அவங்க நெனச்சதெல்லாம் நடந்துச்சுன்னு நெனச்சுராதீங்க. ஆழ்துளைக் கெணறு போடற திருச்செங்கோட்டு போர் வண்டிய வரவெச்சு ஆயிரம் அடிக்கு மேல போட்டுப் பாக்கலாம்னு மாமன் நின்னப்ப அமிச்சி எவ்வளவோ தடுத்தாங்க, கேக்கல. ரெண்டு வருசம் தண்ணி கொட்டுச்சு, அப்பறம் பொகையா வந்துச்சு, கடன் மட்டும் நிக்குது. அவங்க ஒரு தடவைகூட நாந்தான் சொன்னனேன்னு சொல்லல. அந்த வருசம் வித்த ரெண்டு கெடாயோட காசை மாமன் சட்டைப்பைல வெச்சுட்டு பொடக்காளிப் பக்கம் (வீட்டுக்குப் பின்னால) போயிட்டாங்க. மாமன் இதை எழவு வீட்ல வெச்சு எல்லாருக்கும் முன்னாடி சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும்.

மொய் நோட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். காரியமெல்லாம் முடிஞ்சு கொடுமுடில காவேரில அஸ்தியக் கரைச்சிட்டு வந்தப்புறம் டிரங்குப் பொட்டியத் தொறந்தோம், அடில பழைய நோட்டு ஒரு கட்டு. அமிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால எழுத்து பூரா பேரன் பேத்திகளோடது. எங்க பெரியக்கா எழுத்துல ஆரம்பிச்சு, என் கோழிக்கிறுக்கல் நடுவுல வந்து, கடைசித் தம்பியோட பால்பாயிண்ட் பேனா வரைக்கும். முன்பக்கமெல்லாம் எல்லா வீட்லயும் இருக்கற மாதிரி கல்யாணத்துக்கு வந்த மொய், 11 ரூபா, 51 ரூபா, இன்ன ஊரு இன்னாருன்னு. பின்பக்கம்தான் வேற. தலைப்பு கெடையாது ஒண்ணும் கெடையாது, ஆலாங்காட்டுக்காரங்க ஒரு வண்டி தட்டு, மாமனுக்குக் கால் ஒடஞ்சப்ப தெக்காலத் தோட்டத்துல இருந்து மாசம் பூரா பால், அம்மா பிரசவத்துக்கு ராத்திரி வண்டி பூட்டிட்டு வந்தவரு பேரு, இப்படியே பக்கம் பக்கமா. எழுதச் சொல்றப்ப சின்னப்புள்ளையா இருந்த எங்களுக்கு இதெல்லாம் போரடிக்கற வேலை. இப்பப் படிச்சா ஒண்ணு தட்டுப்படுது, இவங்க குடுத்தது ஒண்ணுகூட அதுல இல்ல. எத்தனை பேருக்கு விதை குடுத்தாங்க, ஆட்டுக்குட்டி குடுத்தாங்க, எத்தனை கல்யாணத்துக்கு ராத்திரி பூரா சந்தவை (இடியாப்பம்) புழிஞ்சு குடுத்தாங்க, ஒண்ணும் இல்ல. நான் ஒருக்கா கேட்டது ஞாபகம் இருக்கு, ஏனுங் அமிச்சி, நாம குடுத்ததை எழுத வேண்டாங்களான்னு. வாங்குனதை எழுதுனா திருப்பிச் செய்யலாங் கண்ணு, குடுத்ததை எழுதுனா சண்டைதான் வரும்னாங்க. அவங்க வாயால வந்து நான் கேட்ட ஒரே புத்திமதி இதுவாத்தான் இருக்கும், அதுவும் நான் கேட்டதால வந்தது.

சண்டைன்னதும் ஞாபகம் வருது, அவங்க ஒண்ணும் சாது கெடையாதுங்க. மேக்காலத் தோட்டத்துப் பங்காளி வீட்டோட வண்டித் தடத்துக்காக வருசக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல, கோர்ட்ல கேசும் இருக்கு. ஆனா அந்த வீட்டு எருமை கன்னு போட முடியாம நடுராத்திரில கத்துனப்ப கூப்புடாமயே எந்திரிச்சுப் போனாங்க, வேலைய முடிச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம வந்து படுத்துக்கிட்டாங்க. அந்த வீட்டு ஆளுங்கதான் அமிச்சி எழவுக்கு மொத ஆளா வந்து பந்தல் போட்டது. கேசு இன்னும் நடந்துட்டுத்தான் இருக்கு, அடுத்த வாய்தா பொங்கல் கழிச்சு.

இன்னொன்னும் சொல்லணும், செத்தவங்களைப் பத்தி நல்லதை மட்டும் பேசணும்னு சொல்றது எனக்கு ஒத்துவராது. காட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு எங்க வீட்ல தனி டம்ளர், பொடக்காளி செவுத்து மாடத்துல கவுத்தி வெச்சிருக்கும், அவங்க வாசப்படி தாண்டக்கூடாது. காலேஜ் போனதுல இருந்து இதுக்காக நான் அமிச்சிகிட்ட சண்டை போட்டிருக்கேன், அவங்க எதையும் எதுத்துப் பேசவும் மாட்டாங்க மாத்திக்கவும் மாட்டாங்க. கடைசி காலத்துல படுத்த படுக்கையா கெடந்தப்ப அவங்களைத் தூக்கி ஒக்காரவெச்சு குளிப்பாட்டி கஞ்சி ஊட்டுனது அந்த வேலைக்காரங்க தெருவுல இருந்து வந்த அக்காதான், அந்தக் கையாலதான் குடிச்சாங்க. மனசு மாறுச்சா, வேற வழியில்லாமயான்னு எனக்குத் தெரியாது. அந்த அக்காகிட்ட நான் கேட்டதும் இல்ல, மன்னிக்கறதோ மறக்கறதோ அவங்க பாடு, அதை நான் பேசறதுக்கில்ல. டம்ளரை மட்டும் நான் எடுத்து வீசிட்டேன். உங்க பாட்டிகிட்டயும் இந்த மாதிரி ஏதாவது இருந்திருக்கும், அதையும் சேத்தே ஞாபகம் வெச்சுக்கங்க, நம்ம வசதிக்கு அவங்களைச் சாமியாக்கிட்டா அவங்க செஞ்ச நல்லதும் நம்மால செய்ய முடியாததா ஆயிரும்.

சொத்து விசயத்துல அமிச்சி செஞ்சது எங்க ஊர்லயே பேச்சாச்சு. அப்புச்சி அமிச்சி பேர்லயே கிரயம் பண்ணுன அஞ்சு ஏக்கரா இருந்துச்சு. எங்க பக்கம் வழக்கம் என்னன்னா பொண்ணுக்கு நகை போட்டு சீர் செஞ்சாச்சுல்ல, பூமி பசங்களுக்குன்னு சொல்லி விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிக்கறது. சட்டம் வேற சொல்லுது. பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே திருத்தம் வந்துருச்சு, அப்ப கல்யாணம் ஆயிருந்தவங்களுக்கு அதுல எடமில்ல, 2005-ல மத்திய சட்டத் திருத்தம் வந்தப்ப அந்த வித்தியாசமும் போச்சு. அமிச்சியோடது பூர்வீகம் கூட இல்ல, அவங்க பேர்ல இருக்கற சொந்தச் சொத்து, எழுதி வெக்காமப் போனா புருசன் இல்லாத பட்சத்துல பையன் பொண்ணு எல்லாருக்கும் சரிசமம். அவங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது, எங்கிட்டதான் கேட்டாங்க. கேட்டுட்டு ஒரு நாள் சார்பதிவாளர் ஆபீசுக்கு நாலு புள்ளைகளையும் கூட்டிட்டுப் போயி தானசெட்டில்மெண்ட் (உசுரோட இருக்கறப்பயே சொத்தை எழுதிக் குடுக்கற பத்திரம்) எழுதிட்டாங்க, நாலு பங்கு, தான் உசுரோட இருக்கற வரைக்கும் அனுபவிக்கற பாத்தியம் தனக்கேன்னு. உயில் எழுதலாமேன்னு சின்ன மாமன் சொன்னாரு. உயிலுக்கு ரெண்டு சாட்சி போதும், பதிவுகூட கட்டாயமில்ல, ஆனா எப்ப வேணாலும் மாத்தலாம்ங்கறதால சாகற வரைக்கும் ஆளாளுக்கு வந்து காதைக் கடிப்பாங்க, அதுக்குத்தான் செட்டில்மெண்ட். பெரியவங்க யாராச்சும் படிக்கறீங்கன்னா ஒண்ணு, எழுதிக் குடுக்கறப்ப எங்களைக் கடைசி வரைக்கும் பாத்துக்கணும்ங்கற நிபந்தனைய பத்திரத்துல எழுதச் சொல்லுங்க, அப்படி எழுதியிருந்து அவங்க பாக்கலைன்னா 2007-ல வந்த மூத்த குடிமக்கள் சட்டத்துல பத்திரத்தை ரத்து பண்ண வழியிருக்கு. எங்கம்மாவுக்கு வந்தது ஒண்ணேகால் ஏக்கரா மேட்டுக்காடு, வித்தா பெருசா ஒண்ணும் வராது. ஆனா எங்கப்பாவுக்கு கம்பெனி வேலை போன வருசம் எங்கம்மா யாருகிட்டயும் போயி நிக்கல, அந்தப் பூமிய வாரத்துக்கு (வெளைச்சல்ல பங்குக்கு) விட்டு வந்ததுலயும் அதை வெச்சு எடுத்த கடன்லயும்தான் ஓடுச்சு. பொண்ணுக்கும் கெட்ட வருசம் வரும்ல, அதுக்குத்தான் அமிச்சி அன்னைக்கே வழி பண்ணிட்டுப் போயிருக்காங்க.

துக்கத்துல இருந்து மீண்டு வர்றதைப் பத்தி. அப்புச்சி தவறுன அன்னைக்கு எடுத்து முடிச்சு எல்லாரும் குளிச்சிட்டு வந்து ஒக்காந்திருக்காங்க, பொழுதோட அமிச்சி போசிய எடுத்துட்டு கட்டுத்தறைக்குப் போயிட்டாங்களாம். ஊர்ல ஒரே பேச்சு, புருசன் போன அன்னைக்கே பால் கறக்கப் போயிட்டா பாருன்னு. கறக்காம விட்டா மாட்டுக்கு மடி கல்லாயிரும், சீக்கு வந்துரும், அதுக்கு எழவு வீடு கல்யாண வீடு தெரியாது. பின்னாடியே போன எங்கம்மா பாத்தது, மாட்டு வயித்துல நெத்திய முட்டிக்கிட்டு அழுதுட்டே கறந்துட்டு இருந்திருக்காங்க. அழுகைய நிறுத்திட்டு வேலைக்குப் போகலீங்க, வேலை செஞ்சுட்டே அழுதிருக்காங்க. எனக்கும் அதுதான் ஒத்துவந்துச்சு. தியானம், கவுன்சிலிங் எல்லாம் வேணும்னா போங்க, தேவைப்படறவங்க கண்டிப்பா போகணும், நான் அதைக் கொறையாச் சொல்லமாட்டேன். கூடவே உங்க பாட்டி செஞ்சுட்டிருந்த வேலைல நாள் கெழமை பாத்துச் செய்யவேண்டியது ஏதாச்சும் ஒண்ணை நீங்க எடுத்துக்கங்க. ஊறுகாயோ, செடிக்குத் தண்ணியோ, கோயிலுக்கு எண்ணெயோ, எதுவா இருந்தாலும் சரி, அந்த வேலை உங்க மனசுக்காகக் காத்திருக்காது பாருங்க. நான் வருசா வருசம் மண் கட்டற பருப்பை எடுத்துக்கிட்டேன், அப்பார்ட்மெண்ட் மொட்டை மாடில செம்மண்ணைக் கரைக்கறப்ப வாட்ச்மேன் அண்ணன் என்னமோ செங்கல் சூளை போடறாங்கன்னு நெனச்சு செகரட்டரிகிட்ட சொல்லிட்டாரு.

பாட்டிகிட்ட என்ன கத்துக்கிட்டேன்னு ஞாபகம் வரலைன்னீங்கல்ல, கேள்விய மாத்திக் கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு யோசிக்காதீங்க. காசு இல்லாதப்ப என்ன பண்ணுனாங்க, எதை மட்டும் விக்கவே மாட்டேன்னாங்க, யாருகிட்ட கடன் கேட்டாங்க, யாரோட பேசமாட்டாங்க, எந்த வேலைய யார் கைலயும் விடமாட்டாங்க, இதை உங்கம்மாகிட்ட கேளுங்க, அத்தை சித்தி எல்லார்கிட்டயும் கேளுங்க, முக்கியமா அவங்க வயசுல இன்னும் உசுரோட இருக்கற பக்கத்து வீட்டுப் பாட்டிகளைக் கேளுங்க, அவங்களுக்குத்தான் நெசம் தெரியும். எழவு கேக்க வர்றவங்க வந்துட்டிருக்கற இந்த மாசத்துல கேட்டாத்தான் உண்டு, அப்பறம் அவங்கவங்க பொழப்பைப் பாக்கப் போயிருவாங்க.

அப்பறம் ரெண்டு வாரம் ஆச்சுன்னு சொன்னீங்களே, எறப்பைப் பதிவு பண்ணிட்டீங்களா? 21 நாளுக்குள்ள பண்ணுனா தாமதக் கட்டணம் கெடையாது. கிராமத்துல வீட்ல தவறியிருந்தா விஏஓகிட்ட போகணும், ஆஸ்பத்திரில தவறியிருந்தா அங்கயே எழுதியிருப்பாங்க, ஆனா பேரு, இனிஷியல், வீட்டு விலாசம் எல்லாம் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு நின்னு சரிபாத்துட்டு வாங்க. வாரிசுச் சான்றுக்கு அப்பறம் இ-சேவைல போடறப்ப ஒரு எழுத்து மாறுனாலும் திருப்பி அனுப்பிருவாங்க, பேங்க்ல நாங்களும்தான்.